டச்பேயில் எடுத்த படத்தை எங்கே வெட்டுவது? கறுப்பு வெள்ளை நிலக்காட்சி எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டே தொடங்குவோம். இடம் திருகோணமலை டச்பே கடற்கரை. மாசி மாதத்து ஒரு காலை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வடகிழக்கே பார்த்து எடுத்தேன். இடது பக்கம் சுவாமி மலை கறுத்து நிற்கிறது. அதன் அடியிலிருந்து வலது பக்கம் முழுக்கக் கடல். தூரத்தில் ஒரு வள்ளம், அதில் இரண்டு பேர். வலது மேல் மூலையில் பளிச்சென்று ஒரு வெள்ளை முகில். இடது கீழ் மூலையில் மணலில் ஒரு நைலோன் கயிற்றுச் சுருள், பக்கத்தில் பாதி புதைந்த பிளாஸ்டிக் போத்தல்.

நிறத்தில் பார்க்கும்போது படம் வடிவாகத்தான் இருந்தது. வெளிர் மஞ்சள் வானம், பச்சை கலந்த கடல், நடுவே வள்ளத்தின் சிவப்பு. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் உயிர் போய்விட்டது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொண்டதால் வள்ளத்தைத் தேட வேண்டியிருந்தது. கண் நேரே முகிலுக்கு ஓடியது, அங்கிருந்து போத்தலுக்கு.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து, படம் சரியில்லை என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். நிறம் போன பிறகு படத்தில் மிஞ்சுவது இருட்டும் வெளிச்சமும்தான். இருட்டுக்கு எடை உண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணை இழுக்கும் பலம் உண்டு. ஓரத்தை ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளினாலும் இந்த இரண்டின் கணக்கும் மாறிவிடும். ஆகவே கறுப்பு வெள்ளையில் கிராப் செய்வது, அதாவது ஓரங்களை வெட்டுவது, கடைசியில் செய்யும் துப்புரவு வேலை போன்றதல்ல, படத்தின் அமைப்பையே அங்கேதான் தீர்மானிக்கிறோம்.

இந்த ஒரு படத்தையே படிப்படியாக வெட்டிப் பார்ப்போம். கணினியில் லைட்ரூம், இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள், போனில் ஸ்னாப்சீட், எந்தச் செயலியில் செய்தாலும் சரி.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

மூலப் படத்தைத் தொடாமல் வையுங்கள். லைட்ரூமும் டார்க்டேபிளும் மூலத்தை மாற்றுவதில்லை, நீங்கள் செய்யும் திருத்தங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கின்றன. போனில் வேலை செய்தால் பிரதி ஒன்று எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்று வெட்டி எறியும் பகுதி அடுத்த வருடம் வேண்டியிருக்கும். எனக்குப் பல தடவை வேண்டியிருந்திருக்கிறது.

அடுத்தது, லென்ஸ் திருத்தத்தைப் போடுங்கள். பல லென்ஸ்கள் நான்கு மூலைகளையும் சற்று இருட்டாக்கும். முழுப் படத்தில் அது நான்கு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கண்ணுக்குப் படாது. ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் இருண்ட மூலைகள் மறுபக்கத்தில் மட்டும் மிஞ்சி, வானத்தில் காரணமில்லாத ஒரு கறை மாதிரித் தெரியும்.

அப்புறம் அடிவானத்தை நேராக்குங்கள். திருகோணமலையில் படம் எடுத்தால் பத்துக்கு எட்டுப் படத்தில் கடல் இருக்கும். கடல் சாய்ந்திருந்தால் பார்ப்பவருக்கு வேறு எதுவும் மனதில் ஏறாது. நேராக்குவதும் ஒரு வெட்டுத்தான் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கமான 3:2 படத்தை (அகலம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு) 2 பாகை திருப்பி, வெறுமையாகும் மூலைகளை அதே விகிதத்தில் வெட்டி எடுத்தால் படத்தின் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மலையின் அடியை அடிவானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கரை வளைந்து போகும் இடத்தில் நீர் விளிம்பு சாய்வாகத்தான் தெரியும். திறந்த கடல் வானத்தைத் தொடும் கோட்டை மட்டும் பிடியுங்கள்.

இப்போது கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு மாற்றுவது பலருடைய பழக்கம். அதைத் திருப்பிச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். நிறத்தில் வெட்டும்போது அந்தச் சிவப்பு வள்ளத்தை நம்பி வெட்டுவீர்கள். சாம்பலில் அது இல்லாமல் போனால் வெட்டியதற்கே காரணம் போய்விடும்.

மாற்றியதும் நிறங்களின் ஸ்லைடர்களைத் தொட்டுப் பாருங்கள். என் படத்தில் சிவப்பைக் கூட்டினேன். வள்ளம் வெளிர் சாம்பலாகிக் கடலிலிருந்து பிரிந்து வந்தது. நீலத்தைக் குறைத்தால் வானம் கறுக்கும். அந்தக் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு வடிகட்டி போட்டதும் இதற்குத்தான். அளவுக்கு மீறிக் குறைத்தால் வானத்தில் புள்ளி புள்ளியாக நொய்ஸ் கிளம்பும், மலையின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழும். இந்தக் கட்டத்தில் எல்லாம் தோராயமாக இருந்தால் போதும், முடிவான வேலை பிறகு இருக்கிறது.

கண்ணை இடுக்கிப் பாருங்கள்

படத்தைத் திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கிக் கண்ணை இடுக்குங்கள். மலை, வள்ளம், முகில் என்ற பெயர்கள் மறைந்து, பெரிய கறுப்புத் துண்டு ஒன்று, நடுச் சாம்பல் பட்டை ஒன்று, இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டு என்று மட்டும் தெரியும். உங்கள் படத்தின் எலும்பு அதுதான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் இதே பலன் கிடைக்கும்.

என் படத்தில் கண்டது இது: இடது பக்கம் கனத்த கறுப்பு. வலது நடுவில் வள்ளம், சின்னப் பொட்டு. மேலே அதை விடப் பெரிய வெள்ளை முகில். கறுப்பு மலைக்கு ஈடுகொடுக்க வேண்டியது வள்ளம். அதன் இடத்தை முகில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பெரிய கறுப்பு வடிவத்தைச் சின்ன ஒன்றால் சமன் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். 1946இல் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஆர்னோல்ட் நியூமன் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். பியானோவின் மூடி பெரும் கறுப்பு வடிவமாகப் படத்தை நிறைத்திருக்க, மனிதர் கீழே இடது மூலையில் சிறிதாக இருப்பார். எடுத்த படத்தை நன்றாக வெட்டித்தான் அந்த அமைப்பைக் கொண்டுவந்தார் நியூமன். நிலக்காட்சி இல்லைதான், ஆனாலும் எடை என்றால் என்ன என்பதற்கு அதை விட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

ஓரம் ஓரமாக

நான்கு ஓரங்களையும் ஒரே நேரத்தில் இழுக்காதீர்கள். ஒன்றை நகர்த்தி, கையை எடுத்து, பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

கீழ் ஓரம் முதலில். கயிறும் போத்தலும் போக வேண்டும். மணல் முழுவதையும் வெட்டினால் கடலிலிருந்தே படம் தொடங்கும், பார்ப்பவர் அந்தரத்தில் நிற்பது போல ஆகிவிடும். மணலில் ஒரு மெல்லிய பட்டையை விட்டேன், அலை கடைசியாக வந்து ஈரமாக்கிய இடம் வரைக்கும். ஈர மணல் சாம்பலாக மின்னும், காய்ந்த மணல் வெளுத்துப்போகும். வெளுத்த மணல் கீழ் ஓரத்தில் இருந்தால் கண் அந்த வழியாகப் படத்தை விட்டு வெளியே போய்விடும். அதனால் வெட்டு, காய்ந்த மணல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே.

மேல் ஓரம். முகில் முழுவதும் போகும்வரை இறக்கினேன். பாதி முகிலை விட்டிருந்தால் அது முழு முகிலை விட மோசமாக இருந்திருக்கும். ஓரத்தில் வெட்டுப்பட்ட வெள்ளைத் துண்டு கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பொருளை ஓரத்தில் வெட்டுவதென்றால் துணிந்து வெட்டுங்கள், இல்லையென்றால் முழுதாக விடுங்கள். தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் தொல்லை. பனை மரத்தில் இது நன்றாகத் தெரியும். வட்டின், அதாவது உச்சியில் உள்ள ஓலைக் கொண்டையின், நுனி மட்டும் ஓரத்தில் சீவப்பட்டிருந்தால் தவறி வெட்டியது போலிருக்கும். மரத்தின் நடு உடம்பில் வெட்டி, தண்டுகளை மட்டும் கறுப்புக் கோடுகளாக நிறுத்தினால் அது ஒரு தீர்மானம்.

இடது ஓரம். மலை எவ்வளவு வேண்டும்? உச்சியில் கோணேசர் கோவில் இருக்கிறது என்பதால் எதையும் விட மனம் வராது. நமக்குக் கோவில், பார்ப்பவருக்கு ஒரு கறுப்பு வடிவம். இடமிருந்து மூன்றிலொரு பங்கு மலை நின்றால் போதுமென்று பட்டது. செங்குத்தாகக் கடலில் இறங்கும் முகம் மட்டும் முழுதாக இருக்க வேண்டும், அந்த இறக்கம்தான் கண்ணைக் கடலுக்குள் கொண்டுபோகிறது. மலையை ஒட்டிய பழைய கோட்டைப் பக்கத்து மரங்களைப் படத்திலிருந்து வெட்டி எறிந்தேன்.

வலது ஓரத்தில்தான் அதிக நேரம் போனது. வள்ளம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்பார்கள். என் வள்ளம் வலது பக்கம், திறந்த கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தை அருகில் கொண்டுவந்தால் அணியம் (வள்ளத்தின் முன்முனை) சுவரில் முட்டப்போவது போல ஓர் இறுக்கம். தூரத் தள்ளினால் வள்ளம் தொலைந்துபோனது போல ஒரு வெறுமை. மூன்று பிரதி எடுத்து வைத்து அடுத்த நாள் பார்த்தேன். முன்னால் வள்ளத்தின் நீளத்தைப் போல நாலு மடங்கு இடம் விட்ட பிரதியை வைத்துக்கொண்டேன். இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது, அடுத்த நாள் பார்ப்பதுதான் வழி.

கோட்டைக்குள் திரியும் மான்களை எடுத்தாலும் இதே கணக்குத்தான். மான் பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள்.

நான்கு ஓரமும் முடிந்ததும் மூலைகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு கிளை நுனி, ஒரு மின்கம்பி, ஒரு வெள்ளைப் புள்ளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

எந்த வடிவம்?

கமராவில் 3:2, போனில் பெரும்பாலும் 4:3 என்று படம் வருகிறது. அது கருவியின் வசதி. காட்சிக்கு அதுதான் பொருந்தும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டச்பே படத்தை முதலில் சதுரமாக வெட்டிப் பார்த்தேன். மலையும் வள்ளமும் நெருங்கிவிட்டன, இடையில் இருந்த கடல் சுருங்கிவிட்டது. சதுரம் பார்ப்பவரை நடுவில் நிறுத்தும், அமைதியாக இருக்கும். தூரம் காட்ட அது உதவாது. 2:1 என்று நீட்டியதும் மலைக்கும் வள்ளத்துக்கும் நடுவே கடல் பேசத் தொடங்கியது. இந்தப் படத்துக்கு அதுவே சரி.

சதுரத்துக்குப் பொருத்தமான இடங்கள் வேறு. உட்துறைமுகத்தில் காற்று விழுந்த காலையில் நீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், உவர்மலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்க் குன்றும் அதன் நிழலும் ஒட்டி நிற்கும். அப்போது அடிவானத்தை நடுவிலேயே வைத்துச் சதுரமாக வெட்டுங்கள். முக்கியமானதை ஓரத்திலிருந்து மூன்றிலொரு பங்கில் வைக்க வேண்டும் என்ற விதியை அங்கே மறந்துவிடலாம், இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்தப் படத்தின் விடயம். நிலாவெளிக்கு அப்பால் உள்ள உப்பளத்துப் பாத்திகளும் சதுரத்தில் நன்றாக வரும்.

சுவாமி மலையில் உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கு நெட்டைச் சட்டகம்தான். மேலிருந்து கீழே கடல் வரை பிளந்து இறங்கும் பாறையைக் கிடையாக எடுத்தால் ஆழம் போய்விடும். இரு பக்கப் பாறைகளையும் கறுப்பாக விட்டு, நடுவில் நுரையின் வெண்மை ஒரு கோடாக இறங்கும்படி பக்கங்களை ஒடுக்குங்கள். கோவில் வளாகத்தில் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருப்பதால், காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வடிவத்தைப் பற்றி இன்னொன்று. திருக்கடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கரைவலை இழுப்பதைப் போனில் எடுத்துக் கொண்டுவந்தார். மேலே மூன்றில் இரண்டு பங்கு வானம், கீழே வலை இழுப்பவர்கள் ஒரு வரிசை.

“மேல்பக்கத்தைப் பாதிக்கு மேல வெட்டும் தம்பி.”

“வானம் இவ்வளவு வடிவா இருக்கேக்க ஏன் அண்ணா வெட்டச் சொல்றீங்க?”

“வடிவுதான். நீர் அங்க போய் நின்டது வானத்துக்கா, வலைக்கா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வெட்டினார். 3:1 பட்டையாக வந்தது. வானம் போனதும் கயிறு தெரிந்தது. இடது கீழ் மூலையிலிருந்து கடலுக்குள் சாய்ந்து போகும் ஒரே கறுப்புக் கோடு, அதில் ஒரே பக்கமாகச் சரிந்த பதினான்கு உடம்புகள். முழுப் படத்திலும் அந்தக் கயிறு இருந்தது, ஆனால் நாங்கள் இருவரும் அதைக் காணவில்லை.

வானத்தை வைப்பதா எடுப்பதா என்பதில் எங்கள் ஊரின் காலநிலைக்கும் பங்கு உண்டு. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் காய்ந்து, பகல் வானம் வெளுத்த தாள் மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளையில் அது வெறும் வெள்ளைப் பரப்பு, கூசாமல் வெட்டுங்கள். மாரி தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் முகில் அடுக்கடுக்காக வரும்போது வானம்தான் படம். அப்போது நிலத்தை ஒரு விரல் பட்டைக்குக் குறைத்தாலும் பாதகமில்லை.

வெட்டிய பிறகு ஒளியைத் திரும்பப் பாருங்கள்

இந்தப் படியைத் தவறவிடுபவர்கள் அதிகம். என் படத்தில் முகில் இருந்தவரை அதுதான் உச்ச வெள்ளை. அது போன பிறகு மிஞ்சியதில் நல்ல வெள்ளை எதுவுமே இல்லை, படம் மங்கலாகிவிட்டது. இருட்டு முதல் வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தால், வெளிச்சத்துக்குரிய வலது பக்கம் காலியாகக் கிடக்கும். வெள்ளை அளவைக் கூட்டி, வள்ளத்துக்குப் பின்னால் இருந்த நீர்த்தடத்தை உச்ச வெள்ளைக்குக் கொண்டுபோனேன். மலையை முழுக் கறுப்பாக அடைத்துவிடாமல், பாறை வெடிப்புகள் மட்டும் மெல்லத் தெரியும் அளவுக்குத் திறந்தேன். பெரிய கறுப்புக்குள் கொஞ்சம் விவரம் இல்லாவிட்டால் அது ஓட்டை மாதிரித் தெரியும்.

ஓரங்களைச் சற்றுக் கருக்குவதென்றால் இப்போதுதான் செய்ய வேண்டும். முதலிலேயே செய்தால் வெட்டோடு போய்விடும்.

எவ்வளவு வெட்டலாம்?

24 மெகாபிக்சல் கமரா படம் 6000க்கு 4000 புள்ளிகள். சதுரமாக வெட்டினால் 4000க்கு 4000, அதாவது 16 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 13 அங்குலச் சதுரம் கிடைக்கும், வீட்டுச் சுவருக்குத் தாராளம். அகலத்திலும் உயரத்திலும் பாதி பாதி வெட்டினால் பாதிப் படம் மிஞ்சும் என்று நினைப்போம். மிஞ்சுவது கால்வாசி, 6 மெகாபிக்சல். அதே கணக்கில் அச்சு 10 அங்குல அகலம்தான் வரும். 12 மெகாபிக்சல் போன் படத்தை அப்படி வெட்டினால் 3 மெகாபிக்சல். 6க்கு 4 அங்குலப் படம் போடலாம், அதற்கு மேல் நொய்ஸும் கலக்கமும் பெருத்துத் தெரியும்.

போனில் விரல்களை விரித்துக் கிட்டக் கொண்டுவருவதும், அந்தப் போனில் தனி ஸூம் லென்ஸ் இல்லாவிட்டால், எடுக்கும்போதே வெட்டுவதுதான். அப்படி எடுத்தால் வெளியே விட்டதைத் திரும்பப் பெற முடியாது. அகலமாக எடுத்துக்கொண்டு வீட்டில் ஆறுதலாக வெட்டுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது தாளின் வடிவத்தை நீங்களே தீர்மானித்துவிடுங்கள். ஒரு தடவை 3:2 படத்தை 10க்கு 8 அளவில் போடச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தாளை நிறைக்க வேண்டுமென்றால் படத்தின் அகலத்தில் ஆறிலொரு பங்கு போக வேண்டும். எந்தப் பக்கம் போகட்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளத்தின் அணியம் இல்லாமல் படம் வந்தது. அதற்குப் பிறகு தாளின் விகிதத்தில் நானே வெட்டிக் கொடுக்கிறேன். 2:1 போன்ற நீளப் படம் என்றால், சுற்றிவர வெள்ளை விளிம்பு விட்டு, தாள் அளவுக்கு ஒரு கோப்பாகவே செய்து கொடுப்பேன்.

இரண்டு அட்டைகள்

கண் பழக ஒரு வழி. பழைய நாட்காட்டி அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள், ஒவ்வொரு கையும் ஓர் அடி நீளம், மூன்று விரல் அகலம். வெட்டாத முழுப் படத்தைச் சாதாரணத் தாளில் A4 அளவில் அச்சிட்டு மேசையில் வையுங்கள். ஓர் அட்டையை நிமிர்த்தியும் மற்றதைத் திருப்பியும் வைத்தால் ஒரு சட்டகம் கிடைக்கும். இரண்டையும் மெல்ல நகர்த்துங்கள். திரையில் சுட்டியைப் பிடித்து இழுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கை நின்றுவிடும் இடம் ஒன்று வரும், அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். ஒரே படத்தில் மூன்று வேறு படங்கள் கிடைத்த நாட்களும் உண்டு. இருட்டறைக் காலத்தவர்கள் இப்படித்தான் வெட்டுப் பார்த்தார்கள்.

பத்துப் படங்கள் இப்படி வெட்டிய பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, எந்தப் பக்கத்தை அதிகம் வெட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு எப்போதும் கீழ் ஓரம்தான் போயிருந்தது, அதாவது நான் எப்போதும் நீரிலிருந்து தள்ளியே நின்றிருக்கிறேன். வெட்டினால் படம் கிட்ட வருமே தவிர, நின்ற இடம் மாறாது. மலைக்கு முன்னால் வள்ளம் எவ்வளவு பெரிதாகத் தெரியும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கடல் தெரியும் என்பதெல்லாம் கால் நின்ற இடத்தைப் பொறுத்தவை. ஆகவே இப்போது டச்பேக்குப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அலை கணுக்காலைத் தொடும் இடம் வரை இறங்கி, முதல் படத்தை அங்கிருந்து எடுக்கிறேன்.